மூடிக்காரியும் அடிக்காத மணியும்

அன்று மதியம் அவள் போட்ட கூச்சலை அந்த வார்டில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள். சத்தம் போடாதீர்கள் என்று சுவரெல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. அந்த எழுத்துக்குக் கீழேயே நின்றுகொண்டு அடித்தொண்டையில் கத்தினாள். கடைக்காரன் மீதியைக் குறைத்துக் கொடுத்தால்கூட வாயைத் திறக்காமல் வீடு வந்து சேருகிற பெண் அவள். அப்படிப்பட்டவள் கத்தினாள் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

மூடிக்காரி என்று அவளுக்குப் பெயர் வைத்தது அவள் புருஷன். வீட்டில் மூடி இல்லாத பாத்திரத்தைப் பார்த்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. சர்க்கரை டப்பாவுக்கு மூடி, தண்ணீர்க் குடத்துக்கு மூடி, சோப்புக்கு மூடி, பல் துலக்கும் பிரஷ்ஷுக்குக்கூடத் தனித்தனியாகத் தொப்பி. "நான் கொஞ்ச நேரம் அசந்தா என் தலைக்கும் ஒண்ணு போட்டுடுவா" என்று ஒருமுறை அவள் ஆபீஸ் ஆட்களிடம் அவர் சொல்லிவைக்க, அன்றிலிருந்து ஆபீஸிலும் அதே பெயர் நிலைத்துவிட்டது.

ஆபீஸ் என்றால் பெரிதாக எண்ணிக்கொள்ள வேண்டாம். சைக்கிள் கடைக்கு மாடியில் இரண்டு அறை. கீழே ரிம் தட்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே இவர்கள் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் எழுதுவார்கள். அவள் எழுதியது நர்ஸ் மேஜையில் இருக்கும் கம்ப்யூட்டருக்கானது. நோயாளியின் விரலில் ஒரு கிளிப் மாட்டியிருப்பார்கள். ரத்தத்தில் எவ்வளவு ஆக்ஸிஜன் இருக்கிறது என்று அது சொல்லும். அந்த எண் தொண்ணூறுக்குக் கீழே போனால் வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி மணி அடிக்க வேண்டும். கிளிப் கழன்றாலும் அடிக்க வேண்டும். ஏதாவது ஒரு கட்டிலின் மணியைக் கொஞ்ச நேரம் அடக்கி வைக்கவும், பிறகு திரும்ப விடவும் நர்ஸுக்கு ஒரு பொத்தான். அவ்வளவுதான் வேலை.

மூடி போடும் பழக்கம் அங்கேயும் அவளை விடவில்லை. அதற்குக் காரணம் தாடி. தாடி என்பது பக்கத்து நாற்காலியில் இருக்கிற சக ஊழியன். அவனுக்குத் தாடியைத் தவிர வேறு அடையாளம் தேவைப்பட்டதில்லை. அவள் எழுதும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், ஒரு பொருளுக்குள் இருக்கும் சங்கதியை வெளியார் தொடக்கூடாது என்றால் அதன் பெயருக்கு முன்னால் ஒரு கீழ்க்கோடு போடுவது வழக்கம். 'இது தனிப்பட்டது' என்று அர்த்தம். அர்த்தம் மட்டும்தான், பூட்டு கிடையாது. முன்பு ஒரு வேலையில் அவள் கீழ்க்கோடு போட்டு வைத்திருந்ததில் தாடி அவசரத்துக்குக் கை வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டான். திட்டு வாங்கியது இவள். அன்றோடு கீழ்க்கோட்டின் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. எதையாவது மறைக்க வேண்டும் என்றால் ஃபங்ஷன் எனப்படும் ஒரு கட்டளைத் தொகுப்புக்குள்ளே வைத்து அடைத்துவிடுவாள். அந்த ஃபங்ஷனுக்குள்ளேயே பிறந்தவை தவிர வேறு எதுவும் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. தாடி தலைகீழாக நின்றாலும் முடியாது.

மென்பொருளில் ஒவ்வொரு கட்டிலும் ஒரு பொருள்; அவற்றையும் முதலில் அப்படித்தான் எழுதினாள். மணியை அடக்கியிருக்கிறதா இல்லையா என்ற சங்கதி ஒவ்வொரு கட்டிலுக்கும் தனியாக, அதனதன் மூடிக்குள்ளே இருந்தது. ஆனால் உள்ளே இருப்பதைத் தொட வேண்டிய ஃபங்ஷன்களும் அந்தந்த மூடிக்குள்தானே பிறக்க வேண்டும்? அதனால் மணி அடிக்க, அடக்க, திரும்ப விட என்று எல்லாவற்றையும் ஒவ்வொரு கட்டிலும் தனித்தனியே சுமந்துகொண்டிருந்தது. தாடி அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"ஒரே பாடத்தை எல்லாப் பிள்ளைக்கும் தனித்தனி வாத்தியார் வெச்சு நடத்துறீங்களே மேடம். ப்ரோட்டோடைப்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?"

அவன் சொன்னது தவறில்லை. அந்த மொழியில் முதலில் ஒரு பொருளை உண்டாக்கி வைத்து, பின்னால் வருகிறவற்றிடம் 'உன்னிடம் இல்லாததை அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்' என்று சொல்லிவிடலாம். அந்த முதல் பொருள்தான் ப்ரோட்டோடைப். அவள் அதற்குத் தாய்க் கட்டில் என்று செல்லமாகப் பெயர் வைத்தாள். ஃபங்ஷன்களையெல்லாம் தாயிடம் கொண்டுபோய் வைத்தாள். கையோடு மூடியையும் எடுத்துப்போய்த் தாயைச் சுற்றிப் போட்டுவிட்டாள். சொல்லப்போனால் அந்தச் சில கட்டில்களுக்கு முன்பிருந்த சுமை ஒரு சுமையே இல்லை. அழகாக இருக்கட்டும் என்ற ஆசைதான். முடித்த அன்று டீயைக் கையில் வைத்துக்கொண்டு, எழுதியதைத் திரும்பத் திரும்பப் படித்துத் தனக்குள் பூரித்துப்போனாள். சோதிக்க ஆபீஸில் ஒரே ஒரு கிளிப் இருந்தது. தாடி அதை விரலில் மாட்டினான், கழற்றினான், மணி அடித்தது. அடக்கினார்கள், அடங்கியது. திரும்ப விட்டார்கள், அடித்தது. வேலை முடிந்தது.

இதெல்லாம் நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது அதே ஆஸ்பத்திரியில், அதே வார்டில், அவளுடைய அண்ணன் பித்தப்பையை எடுத்துவிட்டுப் படுத்திருந்தார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். கையை ஆட்டாமல் அவருக்கு ஒரு வார்த்தை பேச வராது. ஆட்டுகிற ஆட்டத்தில் கிளிப் கழன்று விழும். உடனே மணி ஊரைக் கூட்டும்.

"காலம் பூரா நான் ஹார்ன் அடிச்சேன். இப்ப என்னைப் பார்த்து ஹார்ன் அடிக்குது பாரு" என்றார் அண்ணன். "இந்தக் கருமத்தை எழுதினது நீதான்னு யார்கிட்டயும் சொல்லிடாத. பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து வந்து உதைப்பார்."

பக்கத்துக் கட்டில்காரர் ஒரு தையல்காரர். குடலில் ஆபரேஷன் ஆகி, வலிக்கு ஊசி போட்டிருந்தார்கள். அந்த மயக்கத்திலும் அவர் கண் அவளுடைய சட்டைக் கையில்தான் இருந்தது. "இடது கை ஒரு விரல்கடை ஏறி இருக்கும்மா. யார் தைச்சது? நான் எழுந்ததும் கொண்டா, பிரிச்சுச் சரி பண்ணித் தரேன்" என்று காலையில்தான் சொல்லியிருந்தார். அவர் மனைவி சாப்பிட்டு வரக் கீழே போயிருந்தாள். போகும்போது மூடிக்காரியிடம், "கொஞ்சம் பார்த்துக்கோங்கம்மா, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அண்ணனுக்குக் கண் செருகிக்கொண்டு வந்தது. தூங்கப் போகும்போதெல்லாம் கிளிப் நழுவி மணி அடித்தது. பொறுக்க முடியாமல் இவள் நர்ஸிடம் போனாள். சின்ன சிஸ்டர் என்றுதான் அந்த நர்ஸை எல்லோரும் கூப்பிட்டார்கள்.

"சிஸ்டர், எங்க அண்ணனோடதை மட்டும் கொஞ்ச நேரம் அடக்கி வைங்களேன். நான் பக்கத்துலயே இருக்கேன்."

"நானா அடக்க மாட்டேங்க, பயம்" என்றாள் சின்ன சிஸ்டர். "எனக்கு முன்னாடி இங்க இருந்தவங்களை, பெல் அடிச்சும் எழுந்து வரலைன்னு சொல்லி வேலையை விட்டே அனுப்பிட்டாங்க. பெரிய சிஸ்டர்னு சொல்வோம். ஒரு அம்மா போய்ச் சேர்ந்துட்டாங்க அன்னைக்கு. பெல் அடிக்கவே இல்லைன்னு அவங்க தலையில அடிச்சுக்கிட்டுச் சொன்னாங்க. யார் கேட்டா?"

மூடிக்காரிக்கு அது தெரிந்த கதைதான். அப்போது ஆஸ்பத்திரியிலிருந்து மென்பொருளில் கோளாறா என்று கேட்டு ஆள் வந்திருந்தது. அவள் பார்த்தாள். எச்சரிக்கை வந்ததாகத் திரையில் பதிவாகியிருந்தது. எச்சரிக்கை வந்தால் மணி அடித்தே ஆக வேண்டும். அந்தக் கட்டிலின் மணியை யாரும் அடக்கவும் இல்லை. "பெல் அடிச்சிருக்கு சார், இதுல சந்தேகமே வேண்டாம்" என்று சொல்லி அனுப்பினாள். அந்த அம்மாவை நினைத்து ஒருநாள் வருத்தப்பட்டாள். அந்த நர்ஸை நினைத்து ஒருநாள் கோபப்பட்டாள். அத்தோடு சரி.

"நான் இருக்கேன் சிஸ்டர், கவலைப்படாதீங்க" என்று மறுபடியும் கெஞ்ச, சின்ன சிஸ்டர் மனம் இளகி அண்ணனுடைய கட்டிலுக்கான பொத்தானை அமுக்கினாள். திரையில் அந்தக் கட்டிலுக்கு மட்டும் மணிப் படத்தின் மேல் ஒரு கோடு விழுந்தது. பிறகு அவள் கோடியில் இருந்த கட்டிலுக்குக் கட்டுப் பிரிக்கப் போய்விட்டாள்.

"அப்பாடா" என்றார் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டே. "என் ஒருத்தன் வாயை அடைச்சதும் வார்டே அடங்கிப்போச்சு."

நல்ல ஜோக் என்று அவளும் சிரித்தாள். உண்மையிலேயே வார்டு அமைதியாக இருந்தது. யாரோ நாற்காலியை இழுக்கிற சத்தம், மின்விசிறி, தையல்காரரின் மெல்லிய குறட்டை. கொஞ்ச நேரத்தில் குறட்டையும் நின்றது.

அவள் சும்மாதான் திரும்பிப் பார்த்தாள். தையல்காரரின் தலைமாட்டில் இருந்த சின்னப் பெட்டியில் எண்பத்தெட்டு என்று இருந்தது.

அடித்திருக்க வேண்டுமே என்று நினைத்தாள். முதலில் அவளுக்குத் தோன்றியது அவ்வளவுதான். ஒரு கணக்கு ஒத்துவராத எரிச்சல். எண்பத்தாறு. தொண்ணூறு என்று எழுதியது தன் கைதானே? எண்பத்துமூன்று. தையல்காரரின் உதடு நீலம் பாரித்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது, மார்பு எழும்பவில்லை. கிளிப் விரலில் ஒழுங்காக இருந்தது. எண் கண் முன்னால் இறங்கிக்கொண்டே இருந்தது. மணி இல்லை. அந்த அமைதி அவளுடைய காதை அடைத்தது. நம்ப முடியாமல் நின்றாள். ஒரு மனுஷர் செத்துக்கொண்டிருக்கும்போது அவள் மணி அடிக்கக் காத்துக்கொண்டு நின்றாள். எழுபத்தொன்பது என்று வந்தபோதுதான் தொண்டை திறந்தது.

அப்போது கத்தியதுதான் அந்தக் கூச்சல்.

சின்ன சிஸ்டர் கையில் இருந்த தட்டைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். கட்டிலின் தலைப்பக்கத்தை நிமிர்த்தி, தாடையைத் தூக்கி, முகத்தில் மாஸ்க்கை வைத்து அழுத்தினாள். டாக்டர் வந்தார், ஏதோ மருந்தை ஏற்றினார்கள். மூடிக்காரி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள். எண் தயங்கித் தயங்கி மேலே ஏறியது. தையல்காரர் பெரிதாக ஒரு மூச்சை இழுத்துவிட்டு இருமினார். கீழேயிருந்து வந்த அவர் மனைவி வாசலிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் திரும்பிய வேகத்தில் சின்ன சிஸ்டர் மேல் பாய்ந்தார். "பெல் அடிச்சும் எங்க போயிருந்த நீ? போன தடவை இங்க பட்டது போதாதா?"

"அடிக்கலை டாக்டர். சத்தியமா அடிக்கலை."

"எல்லாரும் இதையேதான் சொல்றீங்க."

"அடிக்கலை" என்றாள் மூடிக்காரி. "நான் இங்கேயேதான் நின்னேன். இதை எழுதினதே நான்தான். அடிக்கலை."

டாக்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "ஏன் அடிக்கலை?"

அவளுக்குள் ஏதோ ஒன்று அந்தக் கேள்விக்கு முன்பே விடை தேடிப் போயிருந்தது. தாய்க் கட்டில். தாயைச் சுற்றி ஒரு மூடி. மூடிக்குள்ளே... இருக்காது, இருக்கவே கூடாது என்று நினைத்தாள்.

"சிஸ்டர், எங்க அண்ணன் மணியைத் திரும்ப விடுங்க. ஜன்னல் ஓரமா காலியா இருக்கே ஒரு கட்டில், அதை அடக்குங்க" என்றாள். சின்ன சிஸ்டர் ஒன்றும் புரியாமல் அப்படியே செய்தாள். "அண்ணா, கிளிப்பைக் கழட்டு."

அண்ணன் கழற்றினார். மணி அடிக்கவில்லை. திரையில் அவர் கட்டிலுக்கு நேரே மணிப் படம் கோடு எதுவும் இல்லாமல் பளிச்சென்று இருந்தது. கழற்றிய கிளிப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "என்னடி, இப்பப் பார்த்து ஊமையாயிடுச்சு?" என்று சிரிக்கப் போனவர் தங்கையின் முகத்தைப் பார்த்ததும் அதைப் படுக்கையில் வைத்துவிட்டார்.

"இப்ப அந்தக் காலிக் கட்டிலை விடுங்க" என்றாள்.

சின்ன சிஸ்டர் பொத்தானை அமுக்கிய கையை எடுக்கவில்லை, மணி வீறிட்டது. எல்லோருக்கும் தூக்கிவாரிப் போட்டது.

எழுதிய நிரலைத் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே அவளுக்கு இல்லாமல்போயிற்று. மணியை அடக்கியிருக்கிறதா என்ற சங்கதியைப் போட்டு வைக்கப் பிள்ளைக்கு ஒரு டப்பா என்று நினைத்துக்கொண்டு அவள் செய்து வைத்தது வீட்டுக்கே ஒரு டப்பா. எந்தக் கட்டில் தாயிடம் வந்து 'என் மணியை அடக்கு' என்று கேட்டாலும், தாய் தன்னிடம் இருந்த அந்த ஒரே டப்பாவைத்தான் திறந்து எழுதினாள். ஒருவருக்காக அடக்கினால் எல்லோருக்கும் அடங்கிற்று. யாரோ ஒருவருக்கு விட்டால் எல்லோருக்கும் திரும்ப வந்தது. அதனால்தான் இத்தனை நாள் யார் கண்ணிலும் படவில்லை. திரையில் விழும் கோடு மட்டும் கட்டிலுக்குக் கட்டில் தனியாக இருந்ததால் பார்வைக்கு எல்லாம் சரியாக இருந்தது. கீழ்க்கோடு போட்டு வெளியே விட்டிருந்தால்கூடத் தாடியாவது என்றைக்காவது கையை விட்டுப் பார்த்திருப்பான். இவள் போட்ட மூடி அவ்வளவு நேர்த்தி. இவளே உள்ளே பார்க்கவில்லை.

வராந்தாவுக்கு வந்து முதலாளிக்குப் போன் போட்டாள். நடந்ததைச் சொன்னாள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஆள் பிழைச்சுட்டார்ல? அது போதும். ஸ்பீக்கர் ஒயர் லூஸ்னு சொல்லுங்க. இன்னைக்கே சரி பண்ணி அனுப்பிடலாம். வேற எதையும் கிளற வேண்டாம்மா."

"அந்த அம்மா பிழைக்கலையே சார்" என்றாள்.

"எந்த அம்மா?"

அன்றைக்கும் இதே மாதிரி யாரோ ஒருத்தி வந்து, தன் வீட்டு ஆள் தூங்கட்டும் என்று கெஞ்சியிருப்பாள். யாரோ ஒரு பொத்தானை அமுக்கியிருப்பார்கள். 'பெல் அடிச்சிருக்கு சார், இதுல சந்தேகமே வேண்டாம்.' அவள் குரல் அவளுக்கே கேட்டது. எவ்வளவு திடமாகச் சொன்னாள்! போனை வைத்துவிட்டு நேரே டாக்டர் அறைக்குப் போனாள். ஒன்று விடாமல் சொன்னாள், பழையதையும் சேர்த்து. டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய சிஸ்டரை வெளியே அனுப்பிய உத்தரவில் கையெழுத்துப் போட்டது அவர்தான்.

வேலை இனி இருக்காது என்பது அவளுக்குத் தெரியும். அது அப்போது பெரிதாகப் படவில்லை.

சின்ன சிஸ்டரிடம் விலாசம் வாங்கிக்கொண்டு மறுநாள் காலையில் போனாள். நீளமான கட்டடம், ஒரே மாதிரிக் கதவுகள், வராந்தாக் கொடியில் துணி. தட்டியதும் ஒரு அம்மாள் திறந்தாள். நரை ஓடிய தலை, இஸ்திரி போட்ட புடவை. வேலைக்குக் கிளம்பி நிற்கிறவள் போலவே இருந்தாள். போக வேலைதான் இல்லை.

"யாரும்மா?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்த ஒரு வார்த்தைகூட நினைவுக்கு வரவில்லை. "ஆஸ்பத்திரி பெல்... அதை எழுதினது நான்" என்று மட்டும் சொன்னாள். "அன்னைக்கு அது அடிக்கலை. நீங்க சொன்னதுதான் நிஜம். அடிச்சுதுன்னு நான்தான் சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

திட்டுவாள், கதவைச் சாத்துவாள், கன்னத்தில் ஒன்று வைப்பாள் என்று எதிர்பார்த்து நின்றாள். வைத்தால் வாங்கிக்கொள்வது என்றுதான் வந்திருந்தாள். பெரிய சிஸ்டர் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றுமே இல்லை.

"அடிக்கலையா?" என்றாள்.

"இல்லம்மா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. அடிக்கவே இல்லையா?"

"அடிக்கவே இல்லை."

"எனக்குக் கேட்டுதே" என்றாள் பெரிய சிஸ்டர். "முதல்ல கேட்கலைதான். நீங்க எல்லாரும் சொல்லச் சொல்ல, அப்புறம் கேட்க ஆரம்பிச்சுடுச்சு. தினமும் கேட்குது. பெல் அடிக்கிறதும், நான் கேட்டுட்டு எழுந்திருக்காம உட்கார்ந்தே இருக்கிறதும் அப்படியே தெரியுது. நான்தான் கொன்னேன்னு அந்த அம்மாவோட பொண்ணுகிட்டப் போய், கையைப் பிடிச்சு ஒத்துக்கிட்டும் வந்துட்டேனே."